சீனத்து ஓட்டைக்காசு சொல்லும் செய்தி

பழம்பொருள் ஒன்றைக் கண்டால் எம்மவர் உள்ளத்தில் இரண்டு வினாக்களே முந்தி எழுகின்றன. ‘இதற்கு என்ன விலை வரும்?’ என்பது ஒன்று. ‘இது வீட்டில் இருப்பது நல்லதா, கூடாததா?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வினா ஒன்று உண்டு. ‘இது எங்கிருந்து, எப்பொழுது, எவர் கையால், எதற்காக இங்கு வந்தது?’ என்பதே அது. வரலாறு என்பது இம்மூன்றாவது வினாவிலிருந்தே பிறக்கின்றது. முதலிரண்டு வினாக்களோடு நின்றுவிடுபவர் கையிற் பொருள் இருக்கும்; செய்தி இராது.

வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வாழும் எம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து வந்த பழைய பெட்டகங்களின் அடியிலும், பாட்டிமாரின் நகைச் செப்புக்களினுள்ளும், நடுவே சதுரத் துளையும் அதனைச் சுற்றி நான்கு விளங்காத எழுத்துக்களும் கொண்ட செம்பு, பித்தளை வட்டங்கள் சில கிடைப்பதுண்டு. இவற்றை மந்திரக்காசு என்று பூசையறையில் வைப்பாரும், குழந்தையின் அரைஞாணிற் கோத்துவிடுவாரும், பழைய பித்தளை வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுப்பாரும் உளர். இவை யாவை, இவற்றை இனங்காண்பது எவ்வாறு, இனங்காண்பதால் எமக்கு ஆகும் பயன் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

காசு என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லின் பயணத்தைக் கூறுதல் பொருந்தும். சதுரத் துளையுள்ள சீன நாணயத்தை ஆங்கில நூல்கள் ‘காஷ்’ என்றே குறிப்பிடுகின்றன. சீனர் தம் மொழியில் அதனை அவ்வாறு அழைப்பதில்லை. எமது ‘காசு’ என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து ‘காய்ஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலேயர் நாவில் ‘காஷ்’ ஆயிற்று. தமிழகக் கரையிற் கேட்ட சொல்லை அவர்கள் கிழக்கே கொண்டுசென்று, அங்குக் கண்ட சிறு செப்புக்காசுகளுக்கும் சூட்டினர். கையிலுள்ள ரொக்கத்தைக் குறிக்கும் ‘காஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அது வேறு, இது வேறு. ஆகவே உலகத்து நாணய ஆராய்ச்சியாளர் சீனக்காசைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் தம்மையறியாமலே ஒரு தமிழ்ச் சொல்லை உச்சரிக்கின்றனர். இத்துணை நெருங்கிய தொடர்புடைய ஒரு பொருளை எம்மவர் இனங்காணாதிருத்தல் முறையாகுமா?

காசை வாசிக்கும் முறை

சீன எழுத்தைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. சீனமொழி கல்லாதாரும் இக்காசுகளின் தலையையும் காலையும் அறிந்துகொள்ள வழியுண்டு. பெரும்பாலான காசுகளில் நான்கு எழுத்துக்கள் இருக்கும். அவற்றுள் முதலிரண்டு அரசனது ஆட்சிப் பட்டத்தைக் குறிப்பவை. பின்னிரண்டு ‘துங்பாவோ’ என்றோ ‘யுவான்பாவோ’ என்றோ முடிபவை. ‘துங்பாவோ’ என்பதற்குச் ‘செலாவணியாகும் செல்வம்’ என்றும், ‘யுவான்பாவோ’ என்பதற்கு ‘முதன்மைச் செல்வம்’ என்றும் பொருள் கொள்ளலாம். எழுத்துக்களை வாசிக்கும் வரிசை இரு வகைப்படும். மேல், கீழ், வலம், இடம் என்பது ஒரு வரிசை. மேலிருந்து தொடங்கி மணிக்கூட்டு முள் சுற்றும் திசையிற் சுற்றிவருவது மற்றொரு வரிசை. இரு வரிசையிலும் ‘பாவோ’ என்னும் எழுத்து எமக்கு இடப்புறத்திலேயே அமையும். எனவே அந்த ஓர் எழுத்தை அறிந்துகொண்டால், காசை எப்படித் திருப்பிப் பிடிக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அவ்வெழுத்தை அறிவது எளிது. உச்சியிலே வீட்டுக் கூரைபோன்ற ஒரு கோடு. அதன் கீழே பச்சைக்கல்லைக் குறிக்கும் வடிவமும் பானையைக் குறிக்கும் வடிவமும். எல்லாவற்றுக்கும் அடியிலே சோழியைக் குறிக்கும் வடிவம். கூரையின் கீழ்க் கல்லும் பானையும் சோழியும் இருந்தால் அது செல்வம் என்பது சீனர் கருத்து. உலோகக் காசு வார்ப்பதற்கு முன்னர்ச் சீனத்திற் சோழியே செல்வத்தின் அடையாளமாயிருந்தமையால், பொருளும் வாணிகமும் பற்றிய சீன எழுத்துக்கள் பலவற்றில் இன்றும் சோழியின் உருவம் உறைந்து கிடக்கின்றது. எமது பாட்டிமார் பலகறை என்று வழங்கிய சோழி, செப்புக்காசிற் சித்திரமாகிக் கடல் கடந்து மீண்டும் எம்மிடம் வந்திருப்பது வியப்பன்றோ!

இவ்வமைப்பு நிலைபெற்றது கி. பி. 621ஆம் ஆண்டிலே தாங் அரசமரபினர் வெளியிட்ட ‘காய்யுவான் துங்பாவோ’ என்னும் காசினால் ஆகும். அதற்கு முன்னர்க் கி. மு. 118ஆம் ஆண்டு முதல் ‘வூசூ’ என்னும் இரண்டெழுத்துக் காசு நெடுங்காலம் வழங்கிற்று. அப்பெயர் அதன் நிறையைக் குறிப்பது. காய்யுவான் காசு ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் அகலமும் 4 கிராம் நிறையும் உடையது. பின்வந்த அரசர் பலரும் இவ்வளவையே தழுவினர். இவை அச்சில் அடித்தவை அல்ல. உருக்கிய உலோகத்தை அச்சுமண்ணில் வார்த்தெடுத்தவை. வார்த்த காசுகளின் ஓரத்தை அராவுதற்கு, அவற்றைச் சதுரக் கம்பியிற் கோத்துச் சுழலாமற் பிடிப்பர். அதற்குச் சதுரத் துளை உதவிற்று. வானம் வட்டம், நிலம் சதுரம் என்னும் சீனரது பழங்கொள்கைக்கும் அது ஒத்ததாயிற்று. ஆயிரம் காசைக் கயிற்றிற் கோத்தது ஒரு கட்டு எனப்பட்டது.

எம்மவர்க்கு மிகவும் வேண்டியவை சொங் அரசமரபின் காசுகள். கி. பி. 960 முதல் 1279 வரை ஆண்ட இவ்வரசர் காலத்திலே பட்டப்பெயர்கள் அடிக்கடி மாறின. பட்டம் மாறுந்தோறும் காசும் மாறிற்று. ஆதலால் சொங் காசொன்றின் காலத்தைச் சில ஆண்டு எல்லைக்குள் வரையறுத்துவிடலாம். ‘சினிங்’ என்றால் 1068 முதல் 1077 வரை. ‘யுவான்பெங்’ என்றால் 1078 முதல் 1085 வரை. 1180ஆம் ஆண்டிலிருந்து காசின் பின்புறத்தில் ஆட்சியாண்டின் எண்ணையும் பொறித்தனர். ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்களைச் சீனர் முறையே ஒரு கோடு, இரு கோடு, மூன்று கோடு என எழுதுவதால், எழுத்தறியாச் சிறுவனும் அவற்றை வாசிக்கலாம். ஓவியனும் எழுத்துக்கலை வல்லவனுமாகிய ஹுய்சொங் என்னும் அரசன் தன் கையெழுத்தையே காசிற் பொறிக்கச் செய்தான். மெலிந்து கூரிய அவ்வெழுத்துக்கள் அழகிற் சிறந்தவை. அவ்வரசன் 1127ஆம் ஆண்டிற் பகைவர் கையிற் சிறைப்பட்டான். அவன் எழுத்து மட்டும் சிறைப்படாமல் உலகெங்கும் உலாவிற்று.

மஞ்சு அரசர் காலத்துக் காசுகளை அறிவது இன்னும் எளிது. 1644 முதல் 1912 வரை ஆண்ட அவர்கள் காசின் பின்புறத்தில் மஞ்சு எழுத்திலே வார்ப்புச்சாலையின் பெயரைப் பொறித்தனர். நெட்டெழுத்தாய்ச் செங்குத்தாக நெளியும் கோடுகள் துளையின் இருபுறமும் இருந்தால் அது மஞ்சுக் காசு எனக் கொள்க. ‘காங்சி’ (1662–1722), ‘சியன்லுங்’ (1736–1795), ‘குவாங்சூ’ (1875–1908) என்னும் பட்டங்களுடைய காசுகள் பெருந்தொகையாக வார்க்கப்பட்டவை. சதுரத் துளை உள்ளவை யாவும் சீனத்தவை என்று துணிதலும் ஆகாது. யப்பானியரின் ‘கனெய்’ காசு 1636 முதல் வார்க்கப்பட்டது. அதிற் சிலவற்றின் பின்புறத்தில் அலைகள் போன்ற கோடுகள் இருக்கும். வியட்நாம், கொரியா ஆகிய நாடுகளின் காசுகளும் இவ்வடிவினவே.

காசல்லாத காசுகள்

வடிவிற் காசை ஒத்தும் வாணிகத்துக்கு உதவாதனவும் உண்டு. அவற்றைச் சீனர் தீமையை அடக்கி வெல்லும் காசுகள் என்பர். எமது தாயத்துக்கும் இயந்திரத் தகட்டுக்கும் ஒப்பானவை அவை. இவற்றைப் பிரித்தறியும் வழி யாது? காசில் அரசனது பட்டம் இருக்கும். தாயத்துக்காசில் வேண்டுதல் இருக்கும். ‘நீண்ட ஆயுள், செல்வம், உயர்பதவி’ என்றும், ‘வானத்தின் கீழ் எங்கும் அமைதி’ என்றும், ‘ஐந்து மைந்தரும் பரீட்சையிற் சித்தியெய்துக’ என்றும் வேண்டுதல்கள் பலவாம். பின்புறத்திலே நாகமும் அன்னமும் போன்ற உருவங்களோ, பன்னிரு ஆண்டுகளைக் குறிக்கும் விலங்குகளோ, எட்டுத் திக்குக் கோடுகளோ இருக்கலாம். தாயத்துக்காசு பெரும்பாலும் காசைவிடப் பெரியது, தடித்தது. சிலவற்றில் தொங்கவிடுதற்கு வளையமும் உண்டு.

உருவங்களுக்கும் மறைபொருள் உண்டு. வௌவாலை எம்மவர் அமங்கலம் என்பர். சீனரோ மங்கலம் என்பர். வௌவாலின் பெயரும் நற்பேறு என்னும் சொல்லும் அவர்கள் மொழியில் ஒரே ஒலியுடையன. மீன் என்னும் சொல் மிகுதி என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. மான், சம்பளத்தோடு கூடிய பதவியைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தது. ஆகவே படத்தைக் கண்டு பொருள் கூற முயல்வோர் சீன மொழியின் ஒலியையும் கேட்டறிதல் வேண்டும். நஞ்சுடைய உயிர்கள் ஐந்தின் உருவம் பொறித்த காசும் உண்டு. பாம்பு, தேள், பூரான், தேரை முதலியன அதில் இடம்பெறும். ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளில், கோடைகாலத்து நோய் பரவும் வேளையிலே, நஞ்சை நஞ்சால் வெல்லுமாறு அதனைக் குழந்தைகளுக்குக் கட்டுவர். குழந்தையை இவ்வுலகத்தோடு பிணைத்துப் பூட்டுவதாகப் பூட்டு வடிவத் தாயத்தும் செய்வர். நூறு வீடுகளிற் சிறுகாசு கேட்டுப் பெற்று, அப்பணத்தில் அப்பூட்டைச் செய்விப்பது ஒரு வழக்கம். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று மடிப்பிச்சை எடுத்து நேர்த்தி செலுத்தும் எமது தாய்மாரின் வழக்கத்தை இது நினைவூட்டவில்லையா? ஐம்படைத்தாலி கட்டிய பண்டைத் தமிழ்த் தாயும் பூட்டுக்காசு கட்டிய சீனத் தாயும் வேண்டியது ஒன்றே.

காசே தாயத்தாக மாறிய வரலாறும் உண்டு. கி. பி. 955ஆம் ஆண்டிலே பிற்கால ஜோ அரசமரபின் ஷிசொங் என்னும் மன்னன், செம்புத் தட்டுப்பாட்டால் பௌத்த விகாரைகளின் உலோகத் திருவுருவங்களை உருக்கி ‘ஜோயுவான் துங்பாவோ’ என்னும் காசை வார்ப்பித்தான். உருவத்தை உருக்கிய அரசன் அதனை வெறும் செம்பென்று கருதினான். பொதுமக்களோ அக்காசிலும் அருளைக் கண்டனர். நோய் தீர்க்கும், மகப்பேற்றை எளிதாக்கும் என்று நம்பி அதனைப் பொன்போற் பேணினர். பின்னர் அப்பெயரிலேயே தாயத்துக்களும் வார்க்கப்பட்டன. அரசனுடைய கட்டளை உலோகத்தின் வடிவை மாற்றிற்று. மக்களின் பத்தியை மாற்றவில்லை.

இனி மூன்றாவது வகை, வில்லைகள். சில்லறை தட்டுப்படும் காலத்திலே கடைக்காரரும் தொழிலதிபரும் தாமே வழங்கிய அடையாளத் துண்டுகள் இவை. யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மூங்கிற் கீற்றுக்களில் முத்திரை பொறித்துக் காசாக வழங்கினர். இது சீனத்தின் புதுமை என்று எண்ணற்க. எமது கொழும்பிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பி ஆலைகளில் வேலைசெய்தோர்க்குக் கூலிக்கணக்காக உலோக வில்லைகள் கொடுக்கப்பட்டன. வில்லையில் அரசன் பெயர் இராது; கடையின் பெயரோ ஆலையின் பெயரோ இருக்கும்.

இலங்கை மண்ணும் சோழ மண்ணும்

இனி இக்காசுகள் எம் மண்ணில் எங்கே கிடைத்தன என்பதைக் காண்போம். குருநாகலுக்கு வடக்கே உள்ள யாப்பகூவாவிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் காசுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை சொங் காலத்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே முதலாம் புவனேகபாகு அரசன் அம்மலைக்கோட்டையிலிருந்து ஆண்டான். 1283ஆம் ஆண்டில் எகிப்துச் சுல்தானிடம் வாணிகத் தூது அனுப்பியவனும் அவனே. மேற்கே எகிப்தையும் கிழக்கே சீனத்தையும் நோக்கிக் கண் வைத்திருந்த ஓர் அரசின் தலைநகரிலே சீனக்காசு குவிந்திருந்தமை வியப்பன்று. பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் படைத்தலைவனாகிய ஆரியச்சக்கரவர்த்தி அக்கோட்டையைத் தாக்கிப் புனித தந்தத்தைக் கவர்ந்து சென்றான் என்பதும் வரலாறு. பொலநறுவையிலும் சீனக் காசுகள் கிடைத்துள்ளன.

தமிழகத்திலே தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களிற் புதையலாகக் கிடைத்த சீனக் காசுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. அவை சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையிற் பேணப்பட்டு, 1971ஆம் ஆண்டில் அவற்றுக்கு விவரப்பட்டியலும் வெளியாயிற்று. சோழர் சீனத்துக்கு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிலே தூது அனுப்பினர். இறுதியாகக் கூறிய தூதுக்குப் பதிற்பரிசாகச் சொங் அரசன் 81,800 கட்டுச் செப்புக்காசு வழங்கினான் என்று சீன வரலாற்றேடு குறிக்கின்றது. கட்டுக்கு ஆயிரமாகக் கணக்கிட்டால் எட்டுக் கோடியே பதினெட்டு இலட்சம் காசு! 1080ஆம் ஆண்டளவிலே சொங் அரசின் வார்ப்புச்சாலைகள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது இலட்சம் கட்டுக் காசு வார்த்தன. எனினும் செம்பு நாட்டைவிட்டு ஓடுகின்றதென்று அஞ்சி, காசின் ஏற்றுமதிக்கு அவ்வரசு பலமுறை தடைவிதித்தது. தடையை மீறியும் கப்பல்கள் காசை ஏற்றின என்பதற்கு எம் மண்ணிற் கிடைத்த புதையல்களே சாட்சி.

இப்போக்குவரவு ஒருவழிப் பாதையன்று. சீனத்துக் குவான்சௌ துறைமுகத்திலே 1281ஆம் ஆண்டிற் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. நாகபட்டினத்திலே 1267ஆம் ஆண்டிற் கட்டிமுடிக்கப்பட்டதாகச் சீன எழுத்துப் பொறித்த செங்கற் கோபுரம் ஒன்றைப் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறித்துள்ளார். நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர்க்குக் காப்பளிப்பதையும், யானை குதிரை ஏற்றிவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கும், பிற சரக்கேற்றிய மரக்கலம் கெட்டாற் பாதியும் பண்டாரத்துக்கு உரியவென்பதையும் கூறுகின்றது. அவ்வூராத்துறைக்கு அண்மையில் உள்ள அல்லைப்பிட்டியிலே 1977ஆம் ஆண்டிற் சொங் காலத்துச் சீனப் பீங்கான்கள் வெளிப்பட்டன. 2018ஆம் ஆண்டிற் சீன, இலங்கை ஆராய்ச்சியாளர் அங்கே மீண்டும் அகழ்ந்தனர். கல்வெட்டுக் கூறிய வாணிகத்தைப் பீங்கான் மெய்ப்பித்தது.

இவையனைத்துக்கும் மகுடமாய் விளங்குவது காலியிலே 1911ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. மிங் அரசன் யுங்லோவின் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்து நிறுத்திய அக்கல் 1409ஆம் ஆண்டுத் தேதியுடையது. அதிலே சீன மொழியிற் புத்தபெருமானுக்கும், தமிழிலே தெனாவரை நாயனாருக்கும், பாரசீக மொழியில் இசுலாமியர் வழிபடும் இறைவனுக்கும் காணிக்கை கூறப்பட்டுள்ளது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று பட்டு, எண்ணெய் முதலியவற்றோடு பட்டியல் நீள்கின்றது. சீனப் பேரரசன் இலங்கைக் கடற்கரையிற் பேச விரும்பியபோது தமிழிலும் பேசவேண்டியிருந்தது என்பதை எம் இளைஞர் மறத்தலாகாது. அதே செங் ஹோ 1411ஆம் ஆண்டில் இலங்கை அரசனொருவனைச் சிறைப்பிடித்துச் சென்றான் என்பதையும் மறத்தலாகாது. வரலாறு புகழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. யுங்லோ மன்னனின் காசொன்று 2013ஆம் ஆண்டிலே ஆபிரிக்காவின் கென்யாக் கரையில், மண்டாத் தீவிற் கிடைத்தது. சீனத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் இடைநடுவே இருப்பது எமது கடல்.

ஒரே காசு, இரு வரலாறு

இத்தனையும் கேட்டபின், தம் வீட்டுப் பெட்டகத்திலுள்ள ஓட்டைக்காசு இராசராச சோழன் காலத்தது என்று எவரும் துள்ளியெழல் வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலைபார்த்தனர். பென்சன் பெற்று ஊர் திரும்பியபோது சீனப் பெட்டியும் பீங்கானும் கொண்டுவந்தனர். அவர்களோடு சீன நண்பர் கொடுத்த தாயத்தும் சில்லறைக் காசும் வந்திருத்தல் இயல்பே. பெட்டகத்திற் கிடைக்கும் மஞ்சுக் காசு பெரும்பாலும் இவ்வழி வந்ததாகலாம். அதுவும் வரலாறே. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எம் முன்னோர் பட்ட பாட்டின் சாட்சி அது.

இங்கேதான் இக்கட்டுரையின் உயிர்நிலை உள்ளது. ஒரே யுவான்பெங் காசு யாப்பகூவா மண்ணிற் கிடைத்தால் ஒரு செய்தி சொல்லும். மலாயாப் பெட்டகத்திற் கிடைத்தால் வேறொரு செய்தி சொல்லும். இடம் தெரியாமற் கடைவீதியிற் கிடைத்தால் ஒன்றுமே சொல்லாது. காசு வார்க்கப்பட்ட காலமும் அது இங்கு வந்த காலமும் ஒன்றல்ல. சொங் காசுகள் வார்த்துப் பல நூற்றாண்டு கழித்தும் கைமாறின. ஆகவே புதையலொன்றில் நூறு காசு இருந்தால், அவற்றுள் மிகப் பிந்திய காசே அப்புதையல் எப்பொழுதுக்குப் பின் புதைக்கப்பட்டது என்பதைக் காட்டும். நூற்றில் ஒன்றை எடுத்து மருமகனுக்கும், மற்றொன்றை அயல் வீட்டாருக்கும் கொடுத்துவிட்டால், எடுத்த அந்த ஒன்றே அப்பிந்திய காசாயிருக்கலாமன்றோ?

இனங்காண்டலால் ஆகும் பயனுக்கு எம்மூர்ச் சான்று ஒன்று கூறுவோம். ஒரு பக்கத்தில் மனித உருவமும், மறுபக்கத்திற் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ்ச் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளை முன்னர் இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு என்று கருதினர். கேகாலைப் பகுதியிற் கொட்டகமையிலே கிடைத்த ஆரியச்சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டிலும் ‘சேது’ என்னும் சொல் இருப்பதோடு ஒப்பிட்டபோது, அவை யாழ்ப்பாண அரசின் நாணயங்கள் என்பது தெளிவாயிற்று. கொட்றிங்ரன் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை நாணய நூலும், முதலியார் இராசநாயகம் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்ப்பாண வரலாற்று நூலும் இவ்வாராய்ச்சியைப் பேணின. அச்சிறு செப்புக்காசுகளை அக்காலத்திலே எவரேனும் உருக்கிக் குத்துவிளக்காக்கியிருந்தால், தனிநாணயம் அடித்த அரசு எம்மிடம் இருந்தது என்பதற்குக் கையிற் சான்று எது?

எம்மவர் கடமை

எமது சமூகத்திலே ஏடும் ஆவணமும் இழந்த கணக்குப் பெரிது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் வீடுகள் எரிந்தபோது, அவற்றோடு பெட்டகங்களும் எரிந்தன. உள்ளே என்ன இருந்தது என்று எழுதிவைத்தார் இல்லை. பின்னர் நீண்ட போரிலே ஊர்கள் பெயர்ந்தன. இன்று மூத்தோர் பிள்ளைகளிடம் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும்போது, எஞ்சிய வீடுகளும் ஒவ்வொன்றாய் ஒழிக்கப்படுகின்றன. நெருப்புக்குத் தப்பிய பொருள் பழைய சாமான் வண்டிக்குத் தப்புவதில்லை. பொருளைவிட விரைந்து அழிவது அதன் கதை. ‘இது அப்பு மலாயாவிலிருந்து கொண்டுவந்தது’ என்று சொல்லக்கூடிய ஆச்சி போய்விட்டால், காசு இருக்கும், அப்பு இரார்.

ஆதலால் இளைஞர்க்குச் சில கூறுவோம். பழங்காசு கையிற் கிடைத்தால் அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கற்க. மினுக்கிய காசு விளக்குப்போல் ஒளிரும். ஆனால் எழுத்தும் பழமையான களிம்பும் தேய்ந்துபோம். தடித்த வெள்ளைக் கடுதாசியில் அதனைச் சுற்றி, மேலே எவருடையது, எங்கே கிடைத்தது, எவர் கொணர்ந்தார், எப்பொழுது என்பனவற்றை எழுதுக. ‘பாவோ’ எழுத்து இடப்புறம் வருமாறு வைத்து இருபுறத்தையும் ஓர் அளவுகோலோடு படம் பிடிக்க. அகலமும் நிறையும் குறிக்க. ஓரத்திலே வார்ப்பின் பொருத்துக்கோடும், எங்கும் ஒரே சீரான பச்சைப் பூச்சும் இருந்தால் அது அண்மைக்காலப் போலியாகலாம். சிவப்பு நூலிற் கோத்து ‘ஐந்து அரசர் காசு’ என்று விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவை அத்தகையன. அவற்றை வைத்திருப்பதிற் குற்றமில்லை. பழையவை என்று நம்பிப் பணத்தைக் கொட்டுவதே பிழை.

நிலத்தைக் கிண்டும்போது கிடைத்தனவோ தனியுடைமை அல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டத்தின்படி அவற்றை அரசுக்கு அறிவித்தல் கடமை. புதையல் தோண்டுவோர் பேச்சுக்குச் செவிகொடுத்தல் சட்டத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாது. ஒரு காசை எடுக்க ஒரு வரலாற்றுப் படையையே கலைத்துவிடுகின்றனர் அவர்கள்.

மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பெட்டகத்தில் உள்ள பொருள்களின் கதையை ஒரு விடுமுறை நாளிற் பேரப்பிள்ளைகளை அருகிருத்திக் கூறுங்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எமது சங்கங்கள் பேச்சுப் போட்டியும் பண்ணிசைப் போட்டியும் நடத்துவதுபோலவே, வீட்டுப் பழம்பொருள்களின் விவரப் பட்டியல் ஒன்றையும் தொகுக்கலாம். பொருள் உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் செய்தி பொதுச் சொத்தாகட்டும்.

கொழும்பு நூதனசாலை பாமன்கடையிலிருந்து எட்டாத் தூரத்தில் இல்லை. செங் ஹோவின் கல் அங்கேதான் நிற்கின்றது. இளைஞர் அணியணியாய்ச் சென்று அதன் தமிழ்ப் பகுதியைத் தம் கண்ணால் வாசிக்க முயல்வாராக. அறுநூறு ஆண்டுக்கு முன் அயல்நாட்டான் வெட்டுவித்த எம் எழுத்தின் முன்னே நின்று ஓர் எழுத்தையேனும் கூட்டி வாசித்தவன், பின்னர் எந்த ஓட்டைக்காசையும் நிறுத்து விற்க மனங்கொள்ளான்.